ஒரு சொல்லுக்கு முப்பத்தொரு சென்ட்

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு வந்தது கோப்பு.
வெள்ள எச்சரிக்கைத் துண்டறிக்கை,
பதினான்கு மொழிகளில்,
திங்கள் காலைக்குள்.
சமோவ மொழிக்கு நான்.

மணல் மூட்டை எங்கே கிடைக்கும்,
மின்பெட்டியை எப்போது அணைப்பது,
நாயை முகாமுக்குக் கூட்டி வரலாமா,
எல்லாம் அரிசி வேகிற நேரத்துக்குள் முடிந்தது.
கடைசி வரியில் நின்றுவிட்டேன்:
இதைக் கடந்து வருவோம்.

யார்?

ஆங்கிலத்துக்கு அந்த இடத்தில் ஒரே சொல் போதும்.
என் மொழியில்
கேட்பவரை வெளியே நிறுத்தினால் மாத்தோவ்,
உள்ளே சேர்த்துக்கொண்டால் தாத்தோவ்.
முதல் எழுத்துதான் வேறு.
கதவு திறந்திருக்கிறதா சாத்தியிருக்கிறதா
என்று சொல்லாமல்
அந்த வாக்கியத்தை எந்த வீட்டுக்கும் அனுப்ப முடியாது.

பன்மொழிச் சேவைப் பிரிவுக்கு மின்னஞ்சல் போட்டேன்.
ப்ரோனா கெட்டி உடனே பதில் எழுதினாள்:
"ரொம்ப நல்ல கேள்வி. மேலே கேட்கிறேன்."
மேலே என்பது மூன்றாவது மாடி.
மூன்றாவது மாடி சட்டப் பிரிவைக் கேட்டது.
சட்டப் பிரிவு ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்தது
(அதை மதிக்கிறேன்):
"நகரசபை ஒரு தனிச் சட்ட நபர்.
குடியிருப்பாளர்களையும் சேர்த்துக் குறித்தால்
பொறுப்பு யாருடையது என்ற ஐயம் எழலாம்.
சேர்க்காத சொல்லே பரிந்துரைக்கப்படுகிறது."

ஆக, மாத்தோவ்.
சபை கடந்து வரும்.
நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.
தட்டச்சு செய்தேன், அனுப்பினேன், ரசீது போட்டேன்.

நியாயமாகவும் சொல்ல வேண்டும்.
என் தம்பியின் தொண்டையில் வந்தது என்ன என்று
இதே அரசாங்கம்தான்
தொலைபேசியில் ஓர் ஆளைப் பிடித்து
அவன் மொழியிலேயே அவனிடம் சொன்னது.
பதினொரு நிமிடம் காக்க வைத்தது, பாட்டுப் போட்டது,
ஆனால் சொன்னது.
கூடவே,
மார்ச்சில் ஒரு நாள் எங்களை ஆடச் சொல்வதும் இதே அரசாங்கம்தான்.
ஆடினால் ஒரு கூப்பன்:
ஒரு கோக், ஒரு சாசேஜ்.
இரண்டும் உண்மை. எதைக் கழித்து எதை வைப்பது?

புதன் இரவு ஓடை ஏறியது.
தேவாலயக் கூடத்தில் நூற்றைம்பது பேர்.
ஈரப் பாய்கள், ஈர நாய்கள்,
கரேன் குடும்பங்கள் இரண்டு,
ஜெனரேட்டரை அதன் தாய்வரை இழுத்துத் திட்டும்
ஒரு ஹசாராப் பையன்.
(அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.)

பத்து மணிக்கு ப்ரோனா வந்தாள்.
சபையின் மஞ்சள் மழைக்கோட்டு, உள்ளே இரவு உடை,
கையில் பூனைக்கூடை.
வேலைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து
சுற்றிக்கொண்டார்கள் எல்லாரும்,
போர்வை எங்கே, பால்பவுடர் எங்கே என்று.
"இல்லை," என்றாள். "என் வீடு. ஜன்னல் வரைக்கும்."

வாசலில் பதிவேடு. இரண்டே பத்தி:
பணியாளர். குடியிருப்பாளர்.
பேனாவைப் பிடித்தபடி அவள் நின்றாள்,
வெள்ளிக்கிழமை நான் நின்ற மாதிரி.

பதிவேட்டுக்கு மேலே, சுவரில், என் துண்டறிக்கை.
கடைசி வரியில் யாரோ
கண்மைப் பென்சிலால்
மாவை அடித்துத் தா எழுதியிருந்தார்கள்.
நான் இல்லை. சத்தியமாக.
தொழில் நெறி என்று ஒன்று எனக்கு உண்டு.

"அது என்ன திருத்தம்?" என்றாள்.
"அச்சுப்பிழை," என்றேன்.
"பணத்தில் கழித்துக்கொள்ளலாம்."

பூனைக்கூடையை வாங்கிக்கொண்டேன்,
அவள் எழுதட்டும் என்று.
கம்பிக்குள்ளிருந்து அது என்னைப் பிறாண்டியது.
அவள் இன்னும் எழுதவில்லை.